விஸ்டப் சகசான் கோட்டை

பத்து வயதில், ஒரு கோட்டையைப் பற்றி இந்த உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாத அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. இதை இப்போது பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்போது பெருமைக்காகத்தான் சொன்னேன், லண்டன் மோர்டனில் எங்கள் தெருவில் இருந்த அத்தனை பேரிடமும்.

பள்ளியில் அந்தத் தவணை முழுவதும் கோட்டைகள்தான் பாடம். ஒவ்வொருவரும் ஒரு கோட்டையைத் தெரிந்தெடுத்து, அதன் வரலாற்றை எழுதி, ஒரு மாதிரியும் செய்துகொண்டு வரவேண்டும். தவணை முடிவில் பெற்றோரை அழைத்து மண்டபத்தில் கண்காட்சி வைப்பார்கள். பெயர்களை ஆசிரியை அகரவரிசைப்படி கூப்பிட்டார். எங்கள் ஆட்களின் பெயர்கள் எப்போதும் அந்த வரிசையின் வால்பக்கத்தில்தான் இருக்கும். என் முறை வருவதற்குள் வின்சர் போய்விட்டது, லண்டன் டவர் போய்விட்டது, டோவர் போய்விட்டது. மிஞ்சியிருந்தது வேல்ஸில் ஏதோ ஒரு கோட்டை. ஆசிரியைக்கே அதன் பெயர் வாயில் நுழையவில்லை. நான் எழுந்து நின்று, "எனக்கு வேண்டாம், என்னிடம் சொந்தமாக ஒன்று இருக்கிறது" என்றேன். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்குப் போவதற்குள் கிடைத்துவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

அப்பா பெற்றோல் நிலையத்தில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணக் கோட்டையைச் செய் என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டார். அம்மா வயோதிபர் இல்லத்தில் ஷிப்ட்டில் இருந்தார். மிச்சம் இருந்தது மாமா.

மாமா அம்மாவின் தம்பி. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒருநாள் வந்து சேர்ந்து, எங்கள் வீட்டின் சின்ன அறையில் தங்கியவர். தன்னை வேலைக்கு வைத்திருந்த ஒரு அண்ணையோடு சேர்ந்து சுவர்களுக்கு பிளாஸ்டர் பூசும் வேலைக்குப் போய்வந்தார். காது மடலுக்குள்கூட வெள்ளைத் தூள் இருக்கும். அவருடைய ஆங்கிலத்துக்கு நான்தான் பொறுப்பு. வங்கிக்கும் வைத்தியரிடமும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். அவருக்கு முதுகில் எங்கே நோகிறது, எப்போதிலிருந்து நோகிறது என்று ஏழு வயதிலேயே வைத்தியருக்கு விளக்கிச் சொன்னவள் நான். யார் எதைக் கேட்டாலும் மாமாவிடமிருந்து வருவது இரண்டு தடவை 'யெஸ்' மட்டும்தான்.

அவர் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். என் பிரச்சினையைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு ஒரு கோட்டை தெரியும்" என்றார்.

பிறகு நடந்ததை நான் எத்தனை தடவை சொன்னாலும் என் பிள்ளைகள் நம்புவதில்லை. மாமா தட்டைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். 'யெஸ் யெஸ்' ஆங்கிலம் அல்ல. "ஆற்றின் வளைவுக்கு மேலே துருத்தி நிற்கும் பாறைமுகட்டில் அமைந்த இக்கோட்டை, அதன் அடிவாரத்தில் செழித்த சிறு சந்தைப் பட்டணத்துக்கு நூற்றாண்டுகளாகக் காவலாக விளங்கிற்று" என்ற தோரணையில், ஒரு சொல் தடுக்காமல், பத்து நிமிடம் பேசினார். எனக்கே தெரியாத சொற்கள் பல வந்தன. நான் ஓடிப்போய்க் கொப்பியை எடுத்துவந்து, திரும்பவும் சொல்லச் சொன்னேன். இரண்டாவது முறையும் அதே வசனங்கள், அதே ஒழுங்கில் வந்தன.

அது செக் நாட்டில் ஒரு சின்னப் பட்டணம். ஒரு ராஜா அந்த ஊருக்குக் கிழமையில் ஒருநாள் சந்தை கூட்டும் உரிமையைக் கொடுத்தான். உப்பும் வாத்துகளும்தான் அங்கே முக்கிய வியாபாரம். வாத்துகள் நெடுந்தூரம் நடந்துவரவேண்டும் என்பதால் அவற்றின் கால்களைத் தாரில் தோய்த்து, மணலில் நடக்கவிட்டு, சப்பாத்துப் போட்டதுபோல ஆக்கிக் கூட்டிவருவார்களாம். கோட்டையைக் கணவனை இழந்த ஒரு சீமாட்டி முப்பது வருடம் ஆண்டாள். வடக்கிலிருந்து ஒரு படை வந்து சுற்றி வளைத்தபோது சனங்கள் மதிலில் ஏறித் தேன்கூடுகளைத் தூக்கிப் படைவீரர்களின் தலையில் எறிந்தார்கள். ஒரு பேக்கரியில் பிடித்த தீ ஊரில் பாதியை எரித்தது. கோட்டையின் மூன்று கோபுரங்களில் ஒன்று அப்போது விழுந்ததுதான், திரும்பக் கட்டவேயில்லை. அதற்குப் பிறகு கோட்டை தானியக் களஞ்சியமாக இருந்தது, பியர் காய்ச்சும் இடமாக இருந்தது, பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

"பேர் என்ன மாமா?" என்று கேட்டேன்.

மாமா முதல்முறையாகத் தடுமாறினார். "நான் வாசிச்ச நோட்டீசிலை முன்பக்கம் கிழிஞ்சு போச்சு. பேர் அதிலைதான் இருந்திருக்கும்." பிறகு என் பென்சிலை வாங்கி ஒரு வளைவான வாசலை வரைந்து, அதன் மேல் ஒரு பலகையை வரைந்து, அதில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதினார். சில எழுத்துகளின் தலையில் சின்னக் கோடுகள் போட்டார். "வாசலிலை இப்பிடித்தான் எழுதியிருந்தது. இதாத்தான் இருக்கும்."

நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். விஸ்டப் சகசான். கேட்பதற்குக் கம்பீரமாக இருந்தது. கிழிந்துபோன ஒரு துண்டுப்பிரசுரத்தில் வாசித்த கோட்டையின் வாசல் பலகை மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குக் கோட்டை கிடைத்துவிட்டது.

"ஒண்டு சொல்லுறன் பிள்ளை. ஆர் கேட்டாலும் மாமா சொன்னவர் எண்டு சொல்லிப்போடாதை. என்ன?"

"ஏன்?"

"சொல்லாதை. அவ்வளவுதான்."

நான் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்வது எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் தோட்டத்துக் கொட்டிலில் வேலை செய்தோம். பலகையில் கோழிக்கூட்டுக் கம்பிவலையை வளைத்து, அதன் மேல் ஈரத் துணி போட்டு, பிளாஸ்டரை ஊற்றினோம். மாமா கத்தி முனையால் கூரை ஓடு ஒவ்வொன்றையும் கீறினார். சந்தைச் சதுக்கத்தில் ஒரு நீர்த்தொட்டி வைத்தார். அதன் விளிம்பு ஓரிடத்தில் உடைந்திருக்கவேண்டும் என்று நகத்தால் கிள்ளினார். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முள் வரையும்போது, "இது ஏழு நிமிசம் பிந்தித்தான் ஓடும்" என்றார். ஒரு வீட்டுக்கு மஞ்சள் நிறம் குழைத்துப் பூசிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பவும் குழைத்தார். மூன்றாம் முறை பூசியபோதுதான் தலையாட்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மஞ்சள் என்றால் மஞ்சள்தானே.

அம்மாவுக்கு அந்த மாதம் முழுவதும் ஷிப்டுக்கு மேல் ஷிப்ட். கொட்டிலுக்குள் அவர் எட்டிப் பார்க்கவேயில்லை.

சிக்கல் என் கட்டுரையால் வந்தது. வாசித்துவிட்டு ஆசிரியை என்னை மேசைக்குக் கூப்பிட்டார். நல்ல பெண்மணி, குரல் உயர்த்தமாட்டார். இதை எந்தப் புத்தகத்தில் பார்த்தாய் என்று கேட்டார். புத்தகம் இல்லை என்றேன். இணையத்திலா? இல்லை. அப்படியென்றால் எங்கிருந்து? எனக்குத் தெரியும் என்றேன். அவர் உலகப் படத்தில் தேடினார், வகுப்புக் கணினியில் தேடினார், நூலகத்தில்கூடக் கேட்டுப் பார்த்தார். விஸ்டப் சகசான் என்று ஒரு கோட்டை எங்குமே இல்லை. கற்பனை என்றால் அதைக் கதையாக எழுதலாம், ஆனால் இது வரலாற்றுப் பாடம் என்றார். வரலாறுதான் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதை நான் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டி மொழிபெயர்த்தேன்.

"பொய் எண்டு எழுதியிருக்கிறாவோ?"

"பொய் எண்டு இல்லை மாமா. கற்பனையாம்."

"இந்த நாட்டிலை ரெண்டும் ஒண்டுதான்" என்றார் மாமா. கடிதத்தை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கண்காட்சி நாளில் மாமாவும் அவருடைய முதலாளி அண்ணையும் கோட்டையை வேனில் கொண்டுவந்து, இரண்டு பேருமாகத் தூக்கி மண்டபத்துக்குள் வைத்தார்கள். மேசை முனகியது. வின்சர் செய்த பையனுடையது காலையுணவுச் சீரியல் அட்டைப்பெட்டிகளுக்கு வெள்ளி வர்ணம் அடித்தது. எல்லோரும் அதைத் தாண்டி என் மேசைக்கு வந்தார்கள். அம்மா வேலை உடுப்போடு நேரே வந்து, வாசலோரம் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிச் செய்திமடலுக்காக ஒருவர் என்னையும் கோட்டையையும் மாமாவையும் சேர்த்துப் படம் எடுத்தார். நான் மேசையில் கையை ஊன்றி, நாடு பிடித்தவளைப்போல நின்றேன்.

பெற்றோருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டு வந்தவர், எங்கள் சாப்பாட்டு மண்டபத்தில் உணவு பரிமாறும் பெண்மணி. அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்திருந்தார். பட்டாணியா பீன்ஸா என்று அவர் கேட்கும் உச்சரிப்பை நாங்கள் முதுகுக்குப் பின்னால் செய்து காட்டிச் சிரிப்போம்; அதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் என் மேசை முன்னால் நின்றார். வாசல் பலகையைக் குனிந்து வாசித்தார். சத்தமாகத் திரும்பவும் ஒருமுறை வாசித்தார். பிறகு தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று ஆசிரியை கேட்டார்.

"இது என்னுடைய மொழி" என்றார் அவர். "உள்ளே போகத் தடை! அப்படித்தான் எழுதியிருக்கிறது. கோட்டையின் பெயர் இல்லை. உள்ளே வராதே!"

வின்சர் பையன்தான் முதலில் சிரித்தான். "அவளுடைய கோட்டைக்குப் பெயர் உள்ளே வராதே!" என்று மண்டபத்தின் மறுமுனைக்குக் கேட்கும்படி கத்தினான். பிள்ளைகள் சிரித்தார்கள், பெற்றோர் சிலரும் சிரித்தார்கள். ஆசிரியை என் பக்கத்தில் குந்தி, மிக மெதுவாக, இது மிக அழகான வேலை, கற்பனைதான் என்று சொல்லிவிடு, யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள் என்றார்.

"உண்மை" என்றேன்.

"எப்படித் தெரியும் உனக்கு?"

மாமாவுக்குச் செய்த சத்தியம் இருந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அழக்கூடாது என்று கோட்டையைப் பார்த்தேன். அது கலங்கித் தெரிந்தது.

அப்போதுதான் மாமா சுவரோரத்திலிருந்து வந்தார். அவர் வந்து நின்ற விதத்தைப் பார்த்து, யாரோ மண்டபத்தைத் திருத்த வந்த ஆள் என்று பலர் வழிவிட்டார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொலைவில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி தொடங்கினார். ஆற்றின் வளைவுக்கு மேலே துருத்தி நிற்கும் பாறைமுகட்டில். மண்டபம் அடங்கியது. ராஜா வந்தான், உப்பு வந்தது, தார் பூசிய கால்களோடு வாத்துகள் வந்தன. அம்மா வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பது அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. வடக்கிலிருந்து படை வந்து மதிலைச் சூழ்ந்துகொண்ட இடத்தில், உணவு பரிமாறும் பெண்மணி இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்தார்.

"தேன்கூடுகள்!" என்றார். "தேன்கூடுகளை எறிந்தார்கள்! எனக்குத் தெரியும், இந்த இடம் எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். என் அத்தை பக்கத்து ஊர்."

ஊரின் பெயரைச் சொன்னார். ஆசிரியைக்குப் புரியவில்லை. ஒரு காகிதத் துவாலையில் எழுதிக் கொடுத்தார். உயிரெழுத்துகளை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்திய ஒரு பெயர். அதைத் தமிழில் எழுத நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். ஆசிரியை வாசித்தபின் மாமா அந்தத் துவாலையைக் கையில் வாங்கினார். எழுத்து எழுத்தாக, உதட்டை அசைத்து வாசித்தார். யாரோ நெடுநாள் பழகிய ஒருவரின் பெயரை அப்போதுதான் கேட்டறிந்தவரைப்போல இருந்தது முகம்.

ஆசிரியை எழுந்து, எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அந்தப் பெண்மணி சந்தோசத்தில் மேசையைச் சுற்றிவந்தார். கோட்டையின் பின்பக்கத்தில் நாங்கள் ஒன்றும் செய்திருக்கவில்லை. கம்பிவலையும் பலகையும்தான் இருந்தன. "இங்கே ஏன் ஒன்றுமில்லை?" என்று மாமாவைக் கேட்டார். "ஏரி எங்கே? மான்கள் நிற்கும் தோட்டம் எங்கே? அந்த ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதானே போவார்கள். நீங்கள் போகவில்லையா?"

"அப்படியானால் நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?" என்று ஆசிரியையும் மலர்ந்த முகத்தோடு கேட்டார்.

வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தம்பி, வேண்டாம்." தமிழில், மெதுவாக. "வேண்டாம், சொல்லாதை."

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்று, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். வின்சர் பையன் இன்னும் பக்கத்தில்தான் நின்றான்.

"நான் அங்கே இருந்தேன்" என்றார் மாமா. இது அவருடைய சொந்த ஆங்கிலம். துண்டு துண்டாக வந்தது. "எதிர் வீடு. மேல் மாடி. ஏழு மாதம். ஒரு ஜன்னல். வெளியே போக விடமாட்டார்கள். வாசிக்க ஒரு பேப்பர்."

அந்தப் பெண்மணி மாமாவின் கைச்சட்டையைப் பிடித்து, தன் மொழியில் ஏதோ சொன்னார். மாமாவுக்குப் புரிந்திருக்காது. 'யெஸ் யெஸ்' என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வேனில் பேசியவள் நான் மட்டும்தான். வந்ததும் அம்மா சமையலறைக் கதவைச் சாத்தினார். உள்ளே அம்மாவும் அப்பாவும் மாமாவும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"ஆரார் நிண்டவை?" என்று அப்பா கேட்டார்.

"முழுப் பள்ளிக்கூடமும் நிண்டது. படமும் எடுத்தவை" என்றார் அம்மா. "உனக்கு விசரோ தம்பி? பிள்ளை ஒரு மாக்ஸ் குறைய வாங்கினால் என்ன?"

"அவளைப் பொய்க்காரி எண்டு சொல்லுகினம் அக்கா. பாத்துக்கொண்டு நிக்க ஏலாது."

என் வெற்றியில் அம்மாவுக்கு ஏன் சந்தோசமில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்காட்சியில் கிடைத்த சான்றிதழைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன்.

கோட்டை இரண்டு கிழமைக்கு மண்டபத்தில் இருக்கவேண்டியது. மாமா வெள்ளிக்கிழமையே போய் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். செய்திமடலில் படம் வேண்டாம் என்று அம்மா பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சனிக்கிழமை காலை தோட்டத்தில் சத்தம் கேட்டு ஓடினேன். மாமா புல்லில் முழங்காலிட்டு, சுத்தியலால் கோட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கோபத்தில் உடைப்பவர்போல இல்லை. தன் வேலையில் பழைய சுவர்களைக் கழற்றுகிற மாதிரி, ஒரு ஓரத்திலிருந்து ஒழுங்காகத் தொடங்கியிருந்தார். மணிக்கூட்டுக் கோபுரம் போய்விட்டது. மஞ்சள் வீடு இரண்டு துண்டாகக் கிடந்தது.

என் இருபத்திரண்டாம் வயதில் மாமாவின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். அதற்காக அவருடைய பழைய கோப்பு முழுவதையும் படிக்கவேண்டி வந்தது. எந்தெந்த நாடுகள் வழியாக வந்தீர்கள் என்ற கேள்விக்கு, நேராக விமானத்தில் வந்தேன் என்று அவருடைய முதல் வாக்குமூலத்தில் இருந்தது. கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எல்லோரையும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறான். இடையில் இன்னொரு நாட்டில் தங்கியது தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அவருடைய வழக்கை ஒருமுறை நிராகரித்திருந்தார்கள். இலங்கையில், சிறையில் அவருக்கு நடந்தவற்றை அவர் சொன்னபோது, நம்பத்தக்கதாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான் கோட்டை கட்டிய அந்தத் தவணையில் அவருடைய அப்பீல் விசாரணைக்குக் காத்திருந்தது. இவர் சொல்வதை நம்பலாமா என்பதுதான் அந்த விசாரணையில் இருந்த ஒரே கேள்வி. மண்டபத்தில் இருந்த எவரும் எங்கும் போய் எதுவும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து மாமாவுக்கு விசா கிடைத்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்தவை.

அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கோட்டை புல்லில் நொறுங்கிக் கிடக்கிறது என்பதுதான். நான் கத்தினேன். மாமா சுத்தியலை நிறுத்தினார்.

"பிளாஸ்டர் வெடிச்சுப்போச்சு பிள்ளை. இனி நிக்காது."

வெடிக்கவில்லை. அதைப் பூசியவர்களில் நானும் ஒருத்தி. எங்கே எவ்வளவு தடிப்பு என்று எனக்குத் தெரியும்.

"பொய்" என்றேன். "நீங்கள் பொய் சொல்லுறீங்கள் மாமா. நீங்கள் பொய்க்காரன்."

மாமா சுத்தியலைப் புல்லில் வைத்தார். கைத் தூளைக் காற்சட்டையில் துடைத்தார்.

"ஓம் பிள்ளை" என்றார்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.